நார்மல் அக்கா

ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் நார்மல் அக்கா. வாசல் காவலாளிகூட, “நார்மல் அக்கா வந்திருக்காங்க, மேல அனுப்பட்டுமா?” என்றுதான் போனில் கேட்பார். ஏதோ அந்தக் கட்டடத்தில் மற்ற அத்தனை பேருக்கும் மூளை பிசகிப்போய், இந்த ஒருத்தி மட்டும் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். அக்காவுக்கு அந்தப் பட்டத்தில் தலைகால் புரியாத பெருமை. சொந்தமாக ஒரு பார்லர் வைத்திருந்தாள். யார் தலைமுடி அவள் கையில் சிக்கினாலும், வெட்டி முடிப்பதற்குள் அந்தப் பேச்சை இழுத்துவிடுவாள். “என் தங்கச்சி பெரிய விஞ்ஞானி. அவ ஆராய்ச்சிக்கே நான்தான் அளவு” என்பாள். கத்தரி தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்தப் பெரிய விஞ்ஞானிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அக்காவுக்கு இன்னும் அவள் ‘பொடிசு’தான். நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டு மானத்தை வாங்காதே என்று தங்கை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தங்கையின் ஆராய்ச்சி ரத்த உறைவைப் பற்றியது. கையைக் கிழித்துக்கொண்டால் ரத்தம் உறைந்து நிற்கிறது இல்லையா, ரத்தத்தில் ஓடும் ஒரு புரதம் நூல் நூலாகப் பின்னிக்கொள்வதால்தான் அது நடக்கிறது. காயம் ஆறியதும் உடம்பே அந்த நூலைக் கரைத்துவிடும். சிலருக்கு அது லேசில் கரைவதில்லை என்பதும், கரையாத அந்த நூல் மூளையின் மெல்லிய குழாய்களின் வழியே கசிந்து வேண்டாத இடத்தில் படிந்து நரம்பணுக்களைச் சாகடிக்கிறது என்பதும், கடைசியில் அது மறதி நோயில் கொண்டுபோய் விடுகிறது என்பதும் தங்கையின் சந்தேகம். மறதி வருவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் நம்பினாள். அதை நிரூபித்துவிட்டால் நோய் வரும் முன்பே தடுக்க வழி தேடலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள், அப்படி ஒரு பிடிவாதம்.

பரிசோதனை பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நிற்கும் பிளாஸ்மாவை ஒரு தட்டில் உறைய வைப்பார்கள். பிறகு கரைக்கிற மருந்தை விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் கருவி இருக்கிறதே, அது இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும். அதனால் நோயாளியின் பிளாஸ்மாவுக்குப் பக்கத்திலேயே நோய் இல்லாத ஒருவரின் பிளாஸ்மாவையும் ஓட்ட வேண்டும். அதைவிடத் தாமதமா, முந்தியா என்பதுதான் கணக்கு. தராசில் படிக்கல் போடுவது மாதிரி. அந்தப் படிக்கல்லுக்கு ஆய்வகத்தில் ‘நார்மல்’ என்று பெயர்.

முறைப்படி பார்த்தால், நார்மல் ஒரே ஆளின் ரத்தமாக இருக்கக் கூடாது. பத்து இருபது பேருடையதைக் கலந்து வைக்க வேண்டும். தங்கைக்கு இது தெரியாதா? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் வயது ஏறியிருக்க வேண்டும், வியாதி இருக்கக் கூடாது, மாத்திரை சாப்பிடக் கூடாது, ஊசிக்குப் பயப்படக் கூடாது என்றெல்லாம் வடிகட்டினால் யார் மிஞ்சுவார்கள்? கடைசியில் அவளும் வீட்டு மனிதர்களைத்தான் பிடித்தாள். டெக்னீஷியனின் மாமனார் ஒரு தடவை வந்தார். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார், அத்தோடு சரி. காவலாளியின் மனைவி வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டினாள். அக்கா மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றாள்.

ஒரு சமயம் கலந்து வைத்திருந்தது தீர்ந்துபோனது. அவசரத்துக்கு அக்காவின் பிளாஸ்மாவை மட்டும் வைத்து ஓட்டினார்கள். பிரமாதமாக வேலை செய்தது. போன மாதம் காட்டிய அளவையே இந்த மாதமும் காட்டியது, இம்மி பிசகவில்லை. அவசரத்துக்கு வைத்தது அப்படியே நிலைத்துவிட்டது. அதன் பிறகு அக்கா வருவதும், கையை நீட்டுவதும், நீல மூடிக் குழாய்கள் நிறைவதும், அது சின்னச் சின்னக் குப்பிகளாக ஃப்ரீசருக்குள் போவதும் வழக்கமாகிப்போனது. குப்பி தீரும் சமயத்தில் தங்கை அக்காவுக்குப் போன் செய்வாள்.

“நல்லா எடுடி. வீட்டுக்குத் திரும்பிப் போற அளவுக்கு மட்டும் மிச்சம் வெச்சா போதும்” என்பாள் அக்கா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

“பேசாம இருக்கா. கை ஆடுது.”

“நீ போன் பண்றதே அதிசயம். எடுத்து முடிச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் பேசிட்டு இருக்கலாம்னு வந்தேன்.”

“இன்னிக்கு வேலை இருக்குக்கா. அடுத்த தடவை பாக்கலாம்.”

அடுத்த தடவையும் வேலை இருக்கும். வேலை இல்லாத விஞ்ஞானியை யார் பார்த்திருக்கிறார்கள்? அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் டெக்னீஷியனோடு அரட்டை அடிப்பாள், அவர் நரைக்கு என்ன சாயம் போடலாம் என்று யோசனை சொல்வாள், பிறகு பஸ் பிடித்துப் போய்விடுவாள்.

இதற்கு நடுவில் ஒரு தொந்தரவு முளைத்தது. நோய் இல்லாத மற்றவர்களின் ரத்தத்தையும் அவ்வப்போது சோதிப்பார்கள் அல்லவா, அவர்களில் பலருடைய உறைவு அக்காவுடையதைவிடச் சட்டென்று கரைந்தது. படிக்கல்லோடு ஒத்துப்போகாத ரத்தம் சரியாக எடுக்கப்படாத ரத்தம் என்பது தங்கை வகுத்த விதி. அதனால் அவற்றைக் கழித்துவிட்டாள். கழித்ததோடு விட்டாளா? டெக்னீஷியனை நிற்கவைத்துக் கேட்டாள்.

“குழாயை வேகமா குலுக்கினீங்களா?”

“இல்ல மேடம். சொல்லிக்கொடுத்த மாதிரிதான் செஞ்சேன்.”

“அப்போ எப்படி எல்லாமே தப்பா வரும்? நார்மல் மட்டும் சரியா வருது, மத்தது மட்டும் கெட்டுப்போகுமா?”

இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை. உலகத்தில் அத்தனை பேர் ரத்தமும் சரியில்லை, அக்கா ரத்தம் ஒன்றுதான் சரி என்று அவள் கணக்கு ஓடியது. படித்தவர்கள் ஒரு முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அதைக் கையிலிருந்து பிடுங்குவது சாமானியமான காரியம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும் வழக்கமான கேலி எதுவும் பேசவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“பொடிசு, எனக்குப் பேரெல்லாம் நழுவுதுடி. நேத்து ஒரு கஸ்டமர், பல வருஷமா வர்றவங்க, பேரு வாய் வரைக்கும் வருது, வெளிய வரல. இன்னொருத்தங்களுக்கு ஒரு பக்கம் வெட்டிட்டு இன்னொரு பக்கத்தை மறந்துட்டேன். அவங்க கண்ணாடியைப் பாத்துத் திட்டிட்டுப் போனாங்க.”

தங்கை ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மறதி என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் நார்மலாக இருக்க முடியாது. அக்காவை எடுத்துவிட்டால் வேறு படிக்கல் தேட வேண்டும், பழைய அளவுகளையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். இது அத்தனையும் அவள் மனதில் ஓடியதா என்று கேட்டால் ஓடியது, ஒரு நொடி ஓடியது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிரித்தாள்.

“எனக்கும்தான் மறக்குது. சாவியை எங்க வெச்சேன்னு தினமும் தேடுறேன். உன் ரத்தத்தை இத்தனை வருஷமா நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்? நீதான் நார்மல். உனக்கு ஒண்ணும் இல்ல.”

அக்கா முகம் தெளிந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன் வழக்கமாக வைக்கும் சின்ன நினைவுச் சோதனையையும் டெக்னீஷியன் வைத்தார். ஐந்து வார்த்தை சொல்லிவிட்டு, வேறு பேச்சுக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பது. அக்கா ஐந்தையும் கடகடவென்று ஒப்பித்தாள். பார்த்தாயா என்று தங்கை கண்ணால் கேட்டாள். அக்கா சந்தோஷமாகப் பஸ் ஏறிப் போனாள்.

ஆராய்ச்சி மண்ணைக் கவ்வியது. மறதி நோயாளிகளின் ரத்தமும் நார்மலும் ஒரே மாதிரிதான் கரைகின்றன, வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்தது. உதவித்தொகை நின்றது. தங்கை அந்தத் திட்டத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டு, கால் ரத்தக்குழாயில் கட்டும் உறைவு பற்றிய வேறு வேலைக்குப் போய்விட்டாள். அதற்கும் நார்மல் வேண்டுமே, அதனால் அக்கா வருவது நிற்கவில்லை.

வருஷங்கள் போயின. ஒரு நாள் காலையில் அக்காவின் மகள் போன் செய்தாள். அம்மா பார்லரைத் திறக்கப் போனவள், பார்லர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மூளையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது தங்கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இது நேற்று இன்று வந்தது இல்லை என்று டாக்டர் சொன்னார்.

வராந்தாவில் அக்காவின் மகள் அவளை மறித்தாள்.

“சித்தி, ரெண்டு மூணு வருஷமாவே அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு நான் சண்டை போட்டுட்டு இருந்தேன். வரவே மாட்டேன்னாங்க. என் தங்கச்சியே பாத்து நார்மல்னு சொல்லிட்டா, உன் டாக்டர் என்ன பெரிய டாக்டர்னு கேட்டாங்க. நீங்க சொன்னதாலதான் நானும் சும்மா இருந்துட்டேன்.”

தங்கை நேரே ஆய்வகத்துக்குப் போனாள். ஃப்ரீசரைத் திறந்தாள். வரிசை வரிசையாக அக்கா நின்றாள், சின்னச் சின்னக் குப்பிகளில். அந்தக் குளிருக்கு முன்னால் நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. மற்றவர்களின் ரத்தம் சீக்கிரம் கரைந்ததல்ல விஷயம். அக்காவுடையது தாமதமாகக் கரைந்தது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். நோயாளிகளை எடைபோட வைத்த படிக்கல்லே நோயாளியாக இருந்தால், எந்த நோயாளி கனத்துத் தெரிவான்?

அடுத்து வந்த வாரங்கள் அவள் வேறு எதுவும் செய்யவில்லை. இந்தத் தடவை ஒழுங்காக, பல பேருடைய ரத்தத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கலந்தாள். பழைய நோயாளிகளின் குப்பிகளையும், கெட்டுப்போனது என்று கழித்து வைத்த குப்பிகளையும் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். வித்தியாசம் பளிச்சென்று நின்றது. இருக்கும் என்று அவள் சொன்ன இடத்தில், சொன்ன பக்கமாகவே நின்றது. அவள் நினைத்தது சரியாக இருந்தது. இத்தனை வருஷமும் சரியாகவே இருந்திருக்கிறது. விஞ்ஞானிக்கு வாழ்நாளில் இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை என்பார்கள். அவள் திரையைப் பார்த்தபடி அழுதாள். அன்றைக்கே கண்டிருந்தால் வேறு எத்தனையோ பேர் இதைப் பிடித்துக்கொண்டு இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்கள். எங்கேயும் போகாவிட்டாலும், அக்காவையாவது அன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டியிருப்பாள்.

பின்னால் நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் தொண்டையைச் செருமினார்.

“மேடம், அப்போ நான் எதையும் கெடுக்கலையா?”

“இல்ல. நீங்க ஒழுங்காத்தான் எடுத்திருக்கீங்க. நான்தான் உங்களை அநியாயமா திட்டிட்டேன்.”

“பரவாயில்ல மேடம்” என்றார் அவர். பரவாயில்லை என்று சொன்ன குரலில் அது கொஞ்சமும் தெரியவில்லை. அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அந்த நினைவுச் சோதனையில் அக்கா ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கடைசியாக வந்தபோதுகூட ஐந்துக்கு ஐந்து. தெரு மறந்துபோகிறவளுக்கு அது எப்படி முடிந்தது?

முடிவை வெளியிட வேண்டுமானால் அக்காவின் ரத்தம் இனி நார்மல் இல்லை, நோயாளியின் ரத்தம் என்று மாற்றி எழுத வேண்டும். அதற்கு அக்காவின் சம்மதம் வேண்டும். புரிந்துகொண்டு கொடுக்கிற சம்மதம். மகளே கையெழுத்துப் போட்டுவிடலாம்தான், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அக்காவிடம் தன் வாயால் சொல்லாமல் அந்தக் கட்டுரையை அனுப்பினால் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்க முடியாது என்று தங்கைக்குத் தோன்றியது. அக்காவோ நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். இன்று புரிவது அடுத்த மாதம் புரியும் என்று சொல்ல முடியாது.

அக்காவிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, “சொல்லுங்க சித்தி” என்றாள் அக்காவின் மகள். “காலையில கொஞ்சம் தெளிவா இருப்பாங்க, அப்போ வாங்க. ஆனா உங்க மனசு ஆறணும்னு சொல்லாதீங்க. அவங்களை அழவெச்சிட்டு நீங்க நிம்மதியா போயிடக் கூடாது.”

சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்றுதான் அக்காவின் மகளும் சொன்னாள்.

மறுநாள் காலையில் போனபோது அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்று இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள்.

“வா பொடிசு. தீந்துபோச்சா?”

“ரத்தம் எடுக்க வரலக்கா. பேச வந்தேன்.”

“பேசவா?” அக்கா நம்பாமல் பார்த்தாள். சுருட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். மூடி மறைக்காமல், கஷ்டமான வார்த்தை எதுவும் போடாமல் சொன்னாள். உன் ரத்தத்தில் நூல் லேசில் கரையவில்லை, எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், உன்னைச் சரி என்று வைத்து மற்றவர்களையெல்லாம் தப்பு என்றேன், நீ பேர் நழுவுகிறது என்று சொன்ன அன்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்டால் வேலை கெட்டுவிடும் என்று சிரித்துவிட்டேன். சொல்லும்போது அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அப்போ நான் நார்மல் இல்லையா?” என்று கடைசியில் அக்கா கேட்டாள்.

“இல்லக்கா.”

அக்கா மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். புரிந்ததா, நழுவிவிட்டதா என்று தங்கைக்குத் தெரியவில்லை. பிறகு அக்கா அவள் பக்கம் சாய்ந்து, மகள் காதில் விழாமல் தணிந்த குரலில் பேசினாள்.

“நீ திட்டக் கூடாது. எனக்குத் தெரியும்டி.”

“என்ன தெரியும்?”

“நீங்க கேக்கிற அந்த வார்த்தை இருக்கே, ஒவ்வொரு தடவையும் அதே அஞ்சுதான். நான் எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணிட்டேன். பஸ்ல வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வருவேன். காலையிலேர்ந்து தண்ணியா குடிப்பேன், நரம்பு நல்லாத் தெரியணும்ல.”

“ஏங்க்கா? ஏன் அப்படிச் செஞ்சே? சொல்லியிருந்தா அப்பவே பாத்திருக்கலாமே.”

“சொன்னேனே, ஒரு தடவை. உன் மூஞ்சி மாறிச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அப்புறம் வாயைத் திறக்கல.” அக்கா குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். “மறதின்னு தெரிஞ்சா நீ வேற ஆளை வெச்சுக்குவே. அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவே?”

ரத்தம் தீர்ந்தால் அல்லாமல் அக்காவை எப்போது கூப்பிட்டோம் என்று தங்கை யோசித்தாள். பிறந்தநாளா, காய்ச்சலா, சும்மா பேசவா, ஏதாவது ஒன்று அகப்படாதா என்று யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு போனும் ஒரு காலிக் குப்பி. அழக் கூடாது என்று வைத்திருந்த வைராக்கியம் அங்கே உடைந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அக்காவின் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு அவள் கொண்டுவந்து முழங்கைக்குக் கீழே வைத்திருந்த சம்மதப் படிவத்தை இழுத்துப் பார்த்தாள்.

“இது என்ன?”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “உன் ரத்தத்தை இனிமே நோயாளிங்களோட சேர்த்து வெச்சுக்கிறதுக்கு. நீ சரின்னு சொன்னாதான். வேண்டாம்னா வேண்டாம்க்கா, நான் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுறேன்.”

“இந்தக் கூட்டத்துலயும் அடிக்கடி ரத்தம் கேப்பீங்களா?”

“கேப்போம்” என்றாள் தங்கை. “ரத்தம் வேண்டாம்னாலும் நான் வருவேன்க்கா.”

அக்கா அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“அப்போ கூப்பிடுவே” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.